மூன்று அடுக்குச் சுவர்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒன்பது பேரிடமும் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று அலுவலகத்திலிருந்து கேட்டார்கள். சாதனைகளைச் சொன்னால் உங்களுக்கு உற்சாகமாக இருக்கும் என்றார்கள். முப்பத்து நான்கு வருடம் உலை வடிவமைத்தவளுக்குச் சாதனைகள் இல்லாமல் போகாது. ஆனால் உட்கார்ந்து யோசித்தால் அவற்றில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. ஒழுங்காக வேலை செய்யும் உலையைப் பற்றி என்ன பேசுவது? சூடாகும், பிறகு ஆறும், அவ்வளவுதான். அதனால் ஒழுங்காக வேலை செய்யாத ஒன்றைப் பற்றி எழுதித் தருகிறேன் என்றேன். மேடையில் நின்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை.

நம் வரவேற்பறையில் ஒரு நீல நிற உலையின் படம் மாட்டியிருக்கிறது, பார்த்திருப்பீர்கள். அதன் கீழே 'குறைந்த இடம், நிறைந்த திறன்' என்று எழுதியிருக்கும். அது என் உலை. இயக்கிக் காட்டிய அன்று காலை பத்து மணிக்கு எடுத்த படம். மாலை நான்கு மணிக்கு எடுத்திருந்தால் அவ்வளவு நீலமாக இருந்திருக்காது.

அப்போது நான் இங்கே சேர்ந்து பதினேழு வருடமாகியிருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். அனுபவமில்லாதவள் செய்த தவறு என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம். அனுபவம் இருந்ததால்தான் அந்தத் தவறைச் செய்ய முடிந்தது. புதியவளாக இருந்திருந்தால் என் கணக்கை இன்னொருவர் சரிபார்த்திருப்பார். ஸ்டெல்லா மேடம் போட்ட கணக்கை யார் சரிபார்ப்பது?

சிங்காநல்லூரில் கியர் செய்யும் ஒரு தொழிற்சாலை. கியர்களைச் சூடேற்றி எண்ணெயில் முக்கிக் கடினமாக்க அவர்களுக்கு ஓர் உலை வேண்டும். இரண்டு தூண்களுக்கு நடுவில்தான் இடம். வெளியளவை ஓர் அங்குலம்கூடக் கூட்ட முடியாது, உள்ளே மட்டும் பெரிய அறை வேண்டும் என்றார்கள். துடியலூரில் நமக்குப் போட்டியாக ஒரு கம்பெனி உண்டு. பெயர் உங்களுக்கே தெரியும், நான் எழுதப்போவதில்லை. அவர்கள் வந்து அளந்து பார்த்துவிட்டு, முடியாது என்று சொல்லிப் போய்விட்டார்கள். அது தெரிந்ததும் எனக்கு அந்த உலையின் மேல் ஆசை வந்துவிட்டது.

நம் வழக்கமான சுவர் நான்கு அடுக்கு. உள்ளே இலேசான வெப்பத் தடுப்புச் செங்கல் இரண்டு வரிசை, அதன் பின்னால் பிளாங்கெட் என்று நாம் சொல்லும் வெள்ளைக் கம்பளம் இரண்டு சுற்று, அதற்கும் வெளியே இரும்புத் தகடு. செங்கல்லில் ஒரு வரிசையை எடுத்துவிட்டால் அவர்கள் கேட்ட அறை கிடைத்துவிடும். அந்த வருடம் புதிய ரகக் கம்பளம் ஒன்று வந்திருந்தது. அதன் கேட்டலாகின் முதல் பக்கத்தில் வெப்பக் கடத்துதிறன் என்று ஒரே ஓர் எண்ணைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். அழகான, மிகச் சிறிய எண். அதை என் கணக்கில் போட்டேன். வெளித்தகடு அறுபத்தைந்து டிகிரி என்று வந்தது. மூன்று அடுக்கே போதும்.

கடத்துதிறன் வெப்பநிலைக்குத் தகுந்தபடி மாறும் என்பது உங்களுக்குத் தெரியும், தேர்வில் எழுதியிருப்பீர்கள். கம்பளம் வெப்பத்தைத் தடுப்பதில் பாதி வேலை அதன் இழைகளுக்கு நடுவில் அடைந்திருக்கும் காற்று செய்வது. சூடு குறைவாக இருக்கும்வரை அந்தக் காற்று நல்ல காவல்காரன். சூடு ஏற ஏற வெப்பம் அந்த இடைவெளிகளை ஒளியைப்போலத் தாவிக் கடக்க ஆரம்பிக்கும். இருநூறு டிகிரியில் ஒன்றாக இருக்கும் கடத்துதிறன் எழுநூறில் ஏறக்குறைய மூன்றாகிவிடும். கேட்டலாகின் முதல் பக்கத்தில் இருந்தது இருநூறு டிகிரிக்கான எண். என் கம்பளம் இருக்கப்போவது எழுநூறில்.

இது எனக்குத் தெரியாதா? இந்தக் கணக்கைப் போட்ட அதே மாதம் முதல் சனிக்கிழமை, அந்த வருடம் சேர்ந்த புதியவர்களுக்கு நானே வகுப்பெடுத்திருக்கிறேன். 'ஒரு பொருளின் வெப்பக் குணங்கள் அதன் வெப்பநிலையைப் பொறுத்தவை' என்று கரும்பலகையில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அடுத்த திங்கட்கிழமை கேட்டலாகைத் திறந்து முதல் பக்கத்து எண்ணை எடுத்தேன். பாடம் நடத்துகிற ஆளும் கணக்குப் போடுகிற ஆளும் ஒரே உடம்பில் இருந்தாலும் அடிக்கடி சந்தித்துக்கொள்வதில்லை.

முதலாளிக்கு டிராயிங்கைக் காட்டினேன். அவர் அன்னூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, மோட்டார் பம்ப் பழுது பார்க்கப் போய், அப்படியே உலைக்கு வந்தவர். டிராயிங்கைவிட வரைந்தவரின் முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார்.

"துடியலூர்க்காரங்க முடியாதுன்னு சொல்லிப்போட்டாங்களாமே, அம்மணி?"

"ஆமாங்க. நமக்கு முடியுமுங்க."

"அப்பறமென்ன, செஞ்சுபோடலாமுங்க" என்றார். என் முகம் அன்று அவ்வளவு நம்பிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

மறுத்துப் பேசியவர் ஒரே ஒருவர்தான், ஆறுமுகம். நம் உலைகளுக்கெல்லாம் உள்ளே செங்கல் கட்டி, கம்பளம் பதித்துத் தருகிறவர். டிராயிங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு வந்தார்.

"ஏனுங் மேடம், மூணு அடுக்குத்தானுங்களா?"

"ஆமாங்க."

"மூணு ராசியில்லைங்களே. நாலாப் போட்டுக்கலாமுங்களா?"

நான் சிரித்துவிட்டேன். "நான் கோயிலுக்குப் போனாலே பிதா, சுதன், பரிசுத்த ஆவின்னு மூணுதானுங்க சொல்லுவேன். எங்களுக்கு மூணுதானுங்க ராசி" என்றேன். அவரும் சிரித்தார். கட்டிக் கொடுத்தார்.

இயக்கிக் காட்டும் நாள் ஒரு வியாழக்கிழமை. இரண்டு நாள் முன்னாலிருந்தே மெதுவாகச் சூடேற்றி ஈரத்தைப் போக்கியிருந்தோம். நானூறு டிகிரிவரை வெளித்தகடு பூனையின் வயிறுபோல இதமாக இருந்தது. அந்தத் தொழிற்சாலையின் மேற்பார்வையாளர் கதிர்வேல் வருகிறவர்களையெல்லாம் கூப்பிட்டு, உலையின் மேல் கையை வைக்கச் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தார். உலையை வாங்கலாம் என்று தன் நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்தவர் அவர். காலையில் படம் எடுத்தார்கள். மைசூர்பாகு கொடுத்தார்கள். உள்ளே கியர்களை அடுக்கித் தொள்ளாயிரத்து ஐம்பதுக்கு ஏற்றினோம்.

மூன்று மணி வாக்கில் கதிர்வேல் என் அருகில் வந்தார்.

"மேடம், பெயிண்ட் வாசம் வருதுங்களே."

"புது பெயிண்ட்டுங்க. மொதல் நாள் அப்படித்தானுங்க இருக்கும்."

இதை நான் யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. பதினேழு வருட அனுபவம் இதற்கெல்லாம் நன்றாக உதவும்.

அவர் நகர்ந்ததும் வெப்பமானியை எடுத்து வெளித்தகட்டில் வைத்தேன். நூற்று எட்டு. வெப்பமானி பழுது என்று நினைத்தேன். அவர்களுடையதை வாங்கி வைத்துப் பார்த்தேன். நூற்றுப் பத்து. அவர்களுடையதும் பழுது என்று நினைத்தேன். உள்ளே இருக்கும் உணர்கருவி தவறாகக் காட்டுகிறது, உலை தொள்ளாயிரத்து ஐம்பதையும் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தேன். அதையும் சரிபார்த்தேன். அது ஒழுங்காக இருந்தது. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொரு பொருளின் மேலும் ஒருமுறை சந்தேகப்பட்டேன், என் கணக்கைத் தவிர.

பின்பக்கச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பட்டறை முழுவதற்குமான மின்கம்பிகள் ஒரு தட்டில் போய்க்கொண்டிருந்தன. அவற்றின் பிளாஸ்டிக் உறை எழுபது டிகிரிக்கு மேல் தாங்காது. வலப்பக்கம் பத்தடியில் திறந்த எண்ணெய்த் தொட்டி. கணக்குப்படி வெளித்தகடு அறுபத்தைந்தில் இருக்கும். அதனால் இரண்டையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன்.

கதிர்வேல் திரும்பி வந்தபோது பின்பக்கத்து நீலம் பழுப்பாக மாறத் தொடங்கியிருந்தது. மறைக்க வழியில்லை. "எதிர்பாத்ததைவிடக் கொஞ்சம் சூடு கூட இருக்குதுங்க" என்றேன்.

"அட, இதுக்கெதுக்குங்க வருத்தப்படறீங்க? பாய்லர் குழாய்க்குச் சுத்தற கண்ணாடிப் பஞ்சு நம்மகிட்ட ஏகத்துக்கும் கெடக்குது. சுத்திப்போட்டாத் தீந்துது."

நான் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அரைமணி நேரத்தில் நான்கு பேர் பின்பக்கச் சுவர் முழுவதும் பஞ்சைச் சுற்றி, மேலே ஒரு தகரத்தையும் கட்டிவிட்டார்கள். கதிர்வேல் தகரத்தின் மேல் வெப்பமானியை வைத்தார். நாற்பத்தாறு. உள்ளங்கையை வைத்துக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் முகமெல்லாம் தெளிந்துவிட்டது. எங்கள் முதலாளிக்கும் யாரோ அதற்குள் செய்தி சொல்லியிருந்தார்கள். போனில் கூப்பிட்டார்.

"ஏதோ சூடுன்னாங்க, தீந்துபோச்சாமே அம்மணி?"

"ஆமாங்க" என்றேன்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும். சூடான சுவருக்கு வெளியே போர்வை போர்த்தினால் போர்வை குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் வெளியேறப் பார்க்கும் வெப்பத்துக்கு வழி அடைபடுகிறது. போர்வைக்கு உள்ளே இருக்கும் எல்லாமே முன்னைவிடச் சூடாகும். தகடு, தகட்டில் பற்றவைத்துக் கம்பளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆணிகள், கம்பளம், எல்லாம். கம்பளம் சூடானால் அதன் கடத்துதிறன் இன்னும் ஏறும், இன்னும் அதிக வெப்பத்தைத் தகட்டுக்கு அனுப்பும். அதாவது நாங்கள் உலையைக் குளிரவைக்கவில்லை. அது சூடாகிக்கொண்டிருப்பதைப் பார்க்காமலிருக்க ஏற்பாடு செய்திருந்தோம்.

இது எனக்கு அந்த நொடியே தெரியும். தெரிந்தும் ஏறக்குறைய இருபது நிமிடம் சும்மா நின்றேன். எனக்கு யாரோ தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்கள், குடித்தேன். நாற்பத்தாறு என்ற எண் எல்லோருக்கும் பிடித்திருந்தது; எனக்கும் பிடித்திருந்தது. கியர்கள் வெளியே வர இன்னும் இரண்டு மணி நேரம்தான். அதுவரை தாங்கிவிட்டால், பிறகு நிதானமாக ஏதாவது செய்துகொள்ளலாம். இப்படி ஒரு நெருக்கடியில் மனம் போடும் கணக்கு எப்போதும் துல்லியமாகத்தான் இருக்கும். அதில் தப்பிப்பதற்கான வழி மட்டும் சேர்ந்திருக்கும்.

பஞ்சைக் கட்டிய நால்வரில் ஒருவர் வேலை முடிந்த களைப்பில் அந்தத் தகரத்தில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். இதமாக இருந்திருக்கும். அவர் சாய்ந்ததில் பஞ்சு அமுங்கி, ஓரம் சற்றுப் பிரிந்தது. உள்ளே தெரிந்த பெயிண்ட் கறுப்பாக இருந்தது.

அவரை நகரச் சொல்லிவிட்டு, அந்தப் பிரிந்த ஓரம் வழியாக வெப்பமானியின் முனையை உள்ளே விட்டேன். நூற்று எழுபது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே நூற்று எழுபத்தொன்று.

என் பையில் அந்தக் கேட்டலாக் இருந்தது. அப்போதுதான் முதல்முறையாக அதன் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். பொடி எழுத்தில் ஓர் அட்டவணை: இருநூறில் இவ்வளவு, நானூறில் இவ்வளவு, அறுநூறில், எண்ணூறில். கம்பெனிக்காரர்கள் எதையும் மறைக்கவில்லை. என் கண்ணுக்கு எட்டும் இடத்தில் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

கதிர்வேலைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"பஞ்சைப் பிரிக்கோணுமுங்க. உலையை அறுநூறுக்கு எறக்கோணும். மின்கம்பித் தட்டை இப்பவே அக்கட்டால நகத்தோணுமுங்க."

"உள்ள லோடு இருக்குதுங்களே. இன்னும் ரெண்டு மணி நேரம்..."

"லோடு வீணாத்தானுங்க போகும். தப்பு என்னுது. சுவர் பத்தாதுங்க. நான் எடுத்த எண் தப்புங்க."

கோபப்படுவார் என்று நினைத்தேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மேடம், தெர்மோமீட்டர் கோளாறுன்னு எழுதிக்கலாமுங்களா?"

அவரும் அந்த உலைக்குக் கையெழுத்துப் போட்டவர். எனக்குச் செய்ய நினைத்த உதவியா, தனக்கே செய்துகொள்ளப் பார்த்த உதவியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமாக இருக்கலாம். வேண்டாம் என்றேன். சரியென்று தலையாட்டிவிட்டுப் போய், பஞ்சைச் சுற்றிய அதே வேகத்தில் பிரிக்கவும் வைத்தார். இரண்டு பெரிய மின்விசிறிகளைத் தகட்டுக்கு நேராக வைத்தோம். கம்பித் தட்டை நகர்த்தும்போது ஒரு கம்பியின் உறை தொட்ட இடத்தில் வெல்லம்போலக் குழைந்தது. மின்பணியாளர் அதை என்னிடம் காட்டவில்லை, நானாகத்தான் பார்த்தேன். உலையை ஒரேயடியாக நிறுத்தவில்லை. சட்டென்று ஆறினால் செங்கல் வெடிக்கும். மெதுவாக இறக்கி முடிக்க மாலை ஆறரை ஆனது.

மறுநாள் காலை முதலாளி என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். வழக்கமாக நாங்கள்தான் அவர் அறைக்குப் போவோம். கேட்டலாகின் இரண்டு பக்கங்களையும் அவர் முன்னால் விரித்து, நடந்ததைச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார்.

"இதைக் காலேஜ்ல சொல்லித் தர மாட்டாங்களா, அம்மணி?"

"சொல்லித் தந்தாங்க. இந்த வருசம் நானே நம்ம புதுப் பசங்களுக்குச் சொல்லித் தந்தேனுங்க."

"அப்ப அவங்களுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"அவங்ககிட்ட ஒருக்கா காட்டியிருக்கலாமுங்க" என்றார். பரிகாசமா என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. அவர் நிஜமாகவே ஒரு வழி சொல்லிக்கொண்டிருந்தார். அதன்பிறகு நான் ஓய்வு பெறும்வரை போட்ட ஒவ்வொரு கணக்கையும், அந்தந்த வருடம் கடைசியாகச் சேர்ந்தவரிடம் கொடுத்துச் சரிபார்த்தேன். அவர்களுக்கு என் மேல் மரியாதை வருவதற்கு முன்பே கொடுத்துவிட வேண்டும். சாதாரணமாக ஆறு மாதம் அவகாசம் இருக்கும்.

சுவரைத் திருத்த ஒரே வழி, எடுத்த செங்கல் வரிசையைத் திரும்பக் கட்டுவது. வெளியே தூண்கள். ஆகவே உள்ளேதான் கட்ட வேண்டும். ஒவ்வொரு பக்கமும் நாலரை அங்குலம் போகும். நான் வாக்களித்த பெரிய அறை, துடியலூர்க்காரர்கள் முடியாது என்று சொன்ன அறை, சுருங்கி அவர்கள் முடியும் என்று சொல்லியிருக்கக்கூடிய அளவுக்கு வந்து நின்றது. கதிர்வேல், கியர்களை அடுக்கி உள்ளே வைக்கும் தன் தட்டுகளையெல்லாம் சிறிதாக வெட்டிக்கொண்டார்.

ஆறுமுகம் வந்து நான்காவது அடுக்கைக் கட்டினார். மதியம் அவர் கை கழுவும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"நீங்க சொன்ன மாதிரி மூணு ராசியில்லாமத்தானுங்க போயிருச்சு" என்றேன்.

அவர் சங்கடப்பட்டார். "ராசியெல்லாம் ஒண்ணுமில்லைங் மேடம்."

"நீங்கதானுங்களே சொன்னீங்க?"

"எத்தனை வருசமாக் கட்டறேனுங்க. ஓடற உலைச் சுவத்துல கைய வெச்சுப் பாத்துட்டுத்தான் இருக்கறேன். ஒத்தச் செங்கல்லும் இந்தக் கம்பளமும் அந்தச் சூட்டைத் தாங்காதுன்னு பட்டுது. ஆனா அதை எப்படிங்க வந்து சொல்றது? உங்க கணக்குத் தப்புன்னு சொன்ன மாதிரி ஆயிருமுங்களே. ராசின்னு சொன்னா யாருக்கும் மனசு நோவாதுங்க."

நான் ஆர்.எஸ்.புரத்தில் பிறந்து வளர்ந்தவள்தான். எதற்கும் ஒரு 'ங்க' சேர்த்து, அடுத்தவர் மனம் நோகாமல் பேசும் ஊரில்தான் வாழ்நாளெல்லாம் இருந்திருக்கிறேன். ஆனாலும் ஒரு மனிதர் எச்சரிக்கையை மூடநம்பிக்கையில் சுற்றிக் கொண்டுவந்து மரியாதையாக என் மேஜையில் வைத்தபோது, சுற்றியிருந்த காகிதத்தைப் பார்த்துச் சிரித்து அனுப்பியிருக்கிறேன். நம் பட்டறைகளில் யாரும் உங்களிடம் வந்து 'நீங்கள் செய்தது தப்பு' என்று சொல்லமாட்டார்கள். நேரம் சரியில்லை என்பார்கள், ஆடி போகட்டும் என்பார்கள், முன்னே ஒருத்தர் இப்படித்தான் செய்தார் என்று ஒரு கதை சொல்வார்கள். அப்போது சிரிக்காமல் உட்காரவைத்து, 'ஏனுங்க அப்படித் தோணுது?' என்று கேளுங்கள்.

இத்துடன் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்று மாதம் கழித்து, கம்பளம் விற்கும் பிரதிநிதி ஒருவர் என் அறையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். துடியலூர்க் கம்பெனி இப்போது அந்தப் புதுக் கம்பளத்தை நிறைய வாங்குகிறது என்றார். ஈரோட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மூன்று அடுக்குச் சுவர் வைத்து உலை செய்கிறார்களாம். அளவுகளையும் சொன்னார். எல்லாம் என் அளவுகள். நாங்கள் விலைப்புள்ளியுடன் சிங்காநல்லூருக்கு அனுப்பிய பழைய டிராயிங் அங்கேயிருந்து கைமாறி, துடியலூர்வரை போய்ச் சேர்ந்திருக்கிறது. தவறான டிராயிங்குக்குக் கால் உண்டு. திருத்திய டிராயிங் அலமாரியிலேயே படுத்திருக்கும்.

முதலாளியிடம் சொன்னேன். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திருடின மாம்பழம் புளிக்கட்டுமுங்க, அம்மணி" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்.

எனக்கும் சிரிப்பு வந்தது. ஒரு வாரம் சிரித்தேன். ஆனால் தகரத்தில் முதுகைச் சாய்த்து நின்ற அந்த ஆள் இடையிடையே நினைவுக்கு வந்துகொண்டிருந்தார். பெரியநாயக்கன்பாளையத்தில் இருக்கும் நம் அலுவலகத்திலிருந்து நான் வீட்டுக்குப் போகும் பேருந்து துடியலூர் வழியாகத்தான் போகும். ஒரு சாயங்காலம் அங்கே இறங்கிவிட்டேன்.

அவர்களுடைய வடிவமைப்பாளருக்கு என் வயதுதான் இருக்கும். அதுவரை இரண்டொரு கண்காட்சிகளில் தலையாட்டிக்கொண்டதோடு சரி. பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறார். என்னைக் கண்டதும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். அவர் மேஜையில் என் டிராயிங் விரித்தபடி கிடந்தது. ஓரத்தில் நம் கம்பெனி பெயர் இருந்த கட்டத்தில் அவர்கள் பெயர். ஆனால் 'இன்சுலேஷன்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் எழுதும்போது நான் விட்டுவிட்ட ஓர் எழுத்து அதிலும் விடுபட்டிருந்தது.

அவர் மெதுவாக ஒரு செய்தித்தாளை எடுத்து அதன் மேல் போட்டார். நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"புது உலை செய்யறீங்கன்னு கேள்விப்பட்டேனுங்க."

"ஆமாங்க. எங்க சொந்த டிசைனுங்க."

"அதைப் பத்திப் பேச வரலைங்க. என்ற டிராயிங் ஒண்ணைப் பத்திச் சொல்லிப்போட்டுப் போலாமுன்னு வந்தேன்."

"சொல்லுங்க."

முழுவதும் சொன்னேன். கேட்டலாகின் முதல் பக்கம், கடைசிப் பக்கம், பெயிண்ட், பஞ்சு, நூற்று எழுபத்தொன்று. அவர் ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. நான் கம்பித் தட்டுக்கு வந்தபோது பேனாவை எடுத்துச் செய்தித்தாளின் ஓரத்தில் எழுத ஆரம்பித்தார்.

"உங்க டிராயிங்குல அப்பறம் எத்தனை கூட்டினீங்க?" என்று கேட்டார்.

அந்த எண்ணுக்காக நான் ஒரு லோடு கியரையும், மூன்று மாதத் தூக்கத்தையும் கொடுத்திருந்தேன்.

"நாலரை அங்குலமுங்க. ஒவ்வொரு பக்கமும்."

எழுதிக்கொண்டார். "எங்களுது பெயிண்ட் அடிச்சு முடிச்சாச்சுங்க. அடுத்த வாரம் அனுப்பறதா இருந்துது" என்றார். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. காப்பி வந்தது, குடித்தோம். மழை இந்த வருடம் எப்படி என்று பேசினோம்.

வாசல்வரை வந்து வழியனுப்பியவர் அங்கேயே கொஞ்சம் நின்றார்.

"ஏனுங் மேடம். உங்க டிராயிங்குல கதவுப் பக்கமும் ஒரு அளவு சரியில்லைங்க."

"எதுங்க?"

"கதவுச் சட்டம் சூட்டுல விரியறதுக்கு நீங்க விட்டிருக்கற இடம் பத்தாதுங்க. அந்த உருக்கு நூறு டிகிரில விரியற கணக்குக்கும், தொள்ளாயிரத்துல விரியற கணக்குக்கும் வித்தியாசம் இருக்குதுங்களே. ரெண்டு மில்லி கம்மியா வருது. நாங்க மாத்திக்கிட்டோமுங்க." பிறகு தான் சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்தது. "மாத்திக்கலாமுன்னு சொன்னேனுங்க" என்றார்.

மறுநாள் காலை அலுவலகத்துக்கு முதல் ஆளாக வந்து கதவுக் கணக்கை எடுத்தேன். அவர் சொன்னது சரி. ஒரே தவறை இரண்டு இடத்தில் செய்திருந்தேன். சுவரில் செய்தது புகைந்ததால் கதவில் செய்தது யார் கண்ணிலும் படவில்லை. சுவரைத் திருத்தியபோது கதவை நாங்கள் தொடவேயில்லை. சிங்காநல்லூருக்குப் போன் போட்டேன்.

"கதிர்வேல், கதவு எப்படிங்க இருக்குது?"

"கதவுங்களா? நல்லா இருக்குதுங்க மேடம்."

"சூடானப்பறம் சட்டத்துல இறுகிப் பிடிக்கறதில்லைங்களா?"

"அது பிடிக்குமுங்க. கடப்பாரை போட்டு நெம்பித்தான் தெறக்கறமுங்க."

"மூணு மாசமாவா? ஏனுங்க சொல்லவே இல்லை?"



"நீங்க ஏற்கெனவே வருத்தத்துல இருந்தீங்களேங்க" என்றார்.